நான் ஊற்றிய மழை

தேவி, திங்கட்கிழமை அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாதே. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு மெதுவாக இதற்கு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி மெதுவாக வரப் பார்த்துத்தான் இந்த வாரம் மூன்று தடவை உனக்குப் போன் போட்டேன். மீன் விலை, என் முட்டி வலி, நம் பிளாட்டில் லிஃப்ட் நின்றுபோனது என்று என்னென்னவோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீயும், "என்னப்பா, எதையோ சொல்ல வந்து முழுங்குறீங்க" என்று கேட்டாய். ஆமாம், முழுங்கினேன். அதனால்தான் சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே வைத்துவிட்டேன். காரணம் பின்னால் வருகிறது. பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி.

எழுதுகிற கை என்னுடையது இல்லை என்று உனக்குத் தெரியும். எதிர்வீட்டுக் காதர் பாய் எழுதுகிறார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் சரக்குப் பட்டியல் எழுதியவர், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். என் பேச்சைக் கொஞ்சம் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறார், அது போகட்டும். ஆனால் விஷயத்தை மாற்றக் கூடாது, எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்காரவைத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ "பரவால்லப்பா, விடுங்க" என்று சொல்லிவிடுவாய். நானும் சந்தோஷமாக விட்டுவிடுவேன். தாளில் இருந்தால் அதை உன் ஆபீஸ் பெரியவரின் மேசையில் வைக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரை ஃபெரி ஏற்றித் தீவுக்கு, நம் ஜெலுத்தோங் வீட்டுக்கு அழைத்து வந்தாய். நல்ல மனுஷன். மலாய்க்காரர், பெரிய பதவி, இருந்தும் நான் வைத்த மீன்கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும் நீ மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தாய். பச்சையும் நீலமுமாகக் கோடுகள். "அப்பா, வடக்குப் பக்கம் காஞ்சு கெடக்குற ஊருங்களுக்கு அடுத்த அம்பது வருஷத்துக்குத் தண்ணி எங்கேருந்து வரும், எவ்வளவு தேக்கி வைக்கணும்னு நாங்க திட்டம் போடுறோம்ல, அதுக்குப் பழைய மழைக் கணக்கு வேணும். எல்லா எடத்துலயும் பாதி நாளு எழுதாம விட்டிருக்காங்க. ஒரே ஒரு எடத்துலதான் ஒரு நாள்கூட விடாம இருக்கு. எந்த எடம், சொல்லுங்க பாப்போம்?" என்றாய். நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "உங்க எஸ்டேட்டுப்பா! நீங்க பாத்த டின்னு! மத்த எடத்துல விட்டுப்போன நாளையெல்லாம் உங்க கணக்க வச்சுத்தான் நிரப்பியிருக்கோம்!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினாய்.

உன் பெரியவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாக்சிக், ஒரு நாள்கூடவா லீவு எடுக்கல?" என்று என்னை மாமா முறை சொல்லி மலாயில் கேட்டார். எடுக்கவில்லை என்றேன். அன்றைக்கு நான் சொன்னதிலேயே அந்த ஒரு பதில்தான் உண்மை. பிறகு அவர், "வறட்சி மாசத்துல மட்டும் அக்கம்பக்கத்து எடத்தைவிட உங்க எடத்துல மழை கொஞ்சம் அதிகமாத் தெரியுது. எங்களுக்குக் கொஞ்ச நாள் குழப்பமா இருந்துச்சு. அப்புறம் படத்தைப் பாத்தா பக்கத்துலயே ஒரு குன்று. அதுல மோதுற மேகம்தான் காரணம்னு கண்டுபிடிச்சோம். சரிதானே, பாக்சிக்?" என்றார். நீயும் என் முகத்தைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். அந்தக் குன்றுக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை, அம்மா. அதில் மேகம் மோதி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த அதிக மழையை ஊற்றியது நான். இந்தக் கையால், தண்ணீர்ப் போத்தலிலிருந்து.

அக்கரையில் தாசேக் கெலுகோருக்கு வடக்கே நாம் இருந்த தோட்டம் உனக்கு எட்டு வயதுவரைதான் தெரியும். அங்கே வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், மரம் வெட்டி வெட்டவெளியாக்கிய இடத்தில் ஒரு செம்புக் குழாயை மண்ணில் பதித்திருந்தார்கள். அதன் வாயில் புனல், உள்ளே ஒரு டப்பா. விழுந்த மழை அதில் சேரும். படித்தவர்கள் மழைமானி என்பார்கள், எங்களுக்கு அது மழை டின். தினமும் காலை ஏழு மணிக்கு அந்தத் தண்ணீரை ஒரு நீளக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி எத்தனை கோடு என்று பார்க்க வேண்டும். பத்துச் சின்னக் கோட்டுக்கு ஒரு பெரிய கோடு. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். இருந்தாலும் கணக்கு எழுதுகிற கிராணி என்னை நம்பாமல், ஆபீஸ்வரை குவளையைக் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, தளும்பாமல் நடந்து போவேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துத் தாளில் எழுதுவார். மாதம் முடிந்ததும் அந்தத் தாள் கவர்மெண்டுக்குப் போகும். கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைக்கிற ஒருவனைக் கேட்டுத்தான் கவர்மெண்டே மழையைத் தெரிந்துகொள்கிறது என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது தெரியுமா? உன் அம்மா கேலி செய்வாள். "கலெக்டர் கெளம்பிட்டாரு, வழி விடுங்க" என்பாள்.

முதல் தடவை ஊற்றியது அவளுக்காக. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் அதை வைத்து என்னை மன்னிக்கக் கூடாது. நீ வயிற்றில் ஏழு மாதம். அவள் மருந்தடிக்கிற வேலையில் இருந்தாள். முதுகில் பம்ப், வாயில் ஒரு துண்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத்தடியில் புல் சாகிற மருந்தை அடித்துக்கொண்டே போக வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பார்த்தாலே குமட்டும் அவளுக்கு. வேறு வேலை கொடுக்கச் சொல்லி, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரிடம் போய் நின்றேன். "வயித்துப் புள்ளக்காரிக்கெல்லாம் தனியா வேல செஞ்சு குடுக்க இது என்ன ஆஸ்பத்திரியாடா?" என்றார். தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. டின்னில் ஒரு பெரிய கோட்டுக்கு மேல் மழை இருந்தால் அன்றைக்கு மருந்தடிப்பு கிடையாது, இலை ஈரத்தில் மருந்து ஒட்டாது. மறுநாள் விடியற்காலையில் சும்மா தூறியிருந்தது. குவளையில் நாலே கோடு. கையில் குடிக்கிற தண்ணீர்ப் போத்தல் இருந்தது. தரையும் நனைந்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வராது. ஊற்றினேன். அன்றைக்கு அவள் லயத்தில் படுத்துத் தூங்கினாள். சாயங்காலம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப இனிமே மாரியாத்தாவ விட்டுட்டு உங்களையே கும்புட்டுக்கலாம் போல!"

இங்கே காதர் பாய் பேனாவை வைத்துவிட்டார். "அண்ணே, இதோட நிறுத்திக்கலாம்லா. பொண்டாட்டிக்காகச் செஞ்சது, ஆண்டவன்கூட மன்னிப்பான். பொண்ணு படிச்சா அழும், அவ்வளவுதான்" என்கிறார். நிறுத்தினால் நானும் நல்லவனாகத் தெரிவேன். அதனால்தான் நிறுத்தக் கூடாது. அவளுக்காக ஊற்றியது அந்த வருஷத்தில் ஐந்தோ ஆறோ தடவை. நீ பிறந்த பிறகு அவளை நாற்றுப் பையில் மண் நிரப்புகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு மேல் அவளுக்காக ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதற்குப் பிறகும் ஏழு வருஷம் ஊற்றினேன்.

ஏன் என்று சொல்லத்தான் வாய் கூசுகிறது. அடுத்த வருஷம் வறட்சி மாதம் வந்தது. தைப்பூசம் முடிந்ததிலிருந்து வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தினமும் காலையில் வெறும் குவளையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடப்பேன். கிராணி தாளில் சைபர் போடுவார். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். ஒரு நாள் ஆபீசில் நாலு பேர் நிற்கும்போது, "என்னப்பா, இன்னைக்கும் சைபரா? நெசமா போய்ப் பாக்குறியா, இல்ல போத்திப் படுத்துட்டு நேரா இங்க வர்றியா? வெறுங் கிளாஸைத் தூக்கிட்டு வர்றதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. எழுத்து தெரியாதவனுக்குத் தோட்டத்தில் கிடைத்த ஒரே மரியாதையான வேலை அது. ஒன்றும் இல்லை என்று வந்து சொல்வதும் வேலைதான், அதுவும் ஒரு கணக்குதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையில் தண்ணீர் இருந்தால்தான் வேலை செய்தவன் என்று நினைத்தேன். மறுநாள் மூன்று கோடு ஊற்றிக்கொண்டு போனேன். கிராணி குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாத்தியா? ஒழுங்கா போய்ப் பாத்தா மழை இருக்கும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது, தேவி. அதற்குப் பிறகு வறட்சி மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை மூன்று கோடோ நாலு கோடோ ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதிகமாக ஊற்ற மாட்டேன். வேறு பக்கம் கருத்திருக்கிற நாளாகப் பார்த்து ஊற்றுவேன். திருட்டில் எனக்கு அவ்வளவு ஒழுங்கு.

உனக்கு நான்கு வயதில் தோட்டத்துக் குளம் அடி தெரிய வற்றியது உனக்கு நினைவிருக்காது. லயத்துக் குழாய்க்கு அந்தக் குளத்துத் தண்ணீர்தான் வரும். சேறு கலந்து வர ஆரம்பித்ததும் ஜனங்கள் துரையிடம் போய் வெளியிலிருந்து லாரியில் தண்ணீர் கேட்டார்கள். மறுநாள் காலையில் ஆள் எண்ணுகிற களத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, கிராணி தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். "தொரை சொல்றாரு, மழை பேஞ்சிருக்கு, இதோ கணக்கு இருக்கு. கொளம் வத்துனது வானத்தால இல்ல, உங்களாலதான். மாட்டக் கழுவுறேன், துணி தொவைக்கிறேன்னு கொட்டித் தீத்துட்டீங்க. இனிமே கொழாய் காலையில அரை மணி நேரந்தான்." பக்கத்து வீட்டு வீராயி அக்கா வாய்க்கு அஞ்சாதவர். "அது எந்த ஊர்ல பேஞ்ச மழைங்க கிராணியாரே? என் தலையில ஒரு சொட்டு விழலையே! ஒருவேள நீங்க மட்டும் தனியா நனைஞ்சீங்களா?" என்றார். களமே சிரித்தது. கிராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் என்னைக் கேக்குற? மழை பாத்த ஆளு இங்கதான நிக்கிறான், அவனையே கேளு" என்று என்னைக் காட்டினார்.

எல்லாரும் திரும்பினார்கள். இடுப்பில் உன்னை வைத்துக்கொண்டு உன் அம்மாவும் பார்த்தாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அதிகம் போனால் வேலை போயிருக்கும், நாலு பேர் காறித் துப்பியிருப்பார்கள். நான், "பேஞ்சுச்சு" என்றேன். வீராயி அக்கா, "நீ சொன்னா சரிதான் தம்பி. நாங்கதான் கொட்டிட்டோம்போல" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னார். தன் வீட்டு வாளியைத் தானே சந்தேகப்பட்டார். அந்த மாதமே தன் இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தார். உன் அம்மா சாயங்காலம் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "எனக்காக ஊத்துனீங்க, சரி. இப்ப யாருக்காக ஊத்துறீங்க?" என்று கேட்டாள். சாகிறவரை அவள் அதை இன்னொரு தடவை கேட்கவில்லை. 

அதற்குப் பிறகாவது நிறுத்தினேனா என்றால், அதுவும் இல்லை. திடீரென்று மழை நின்றுபோனால் பழைய தாளெல்லாம் பொய் என்று தெரிந்துவிடுமே என்ற பயம். ஒரு வருஷத்துப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த வருஷமும் ஊற்றினேன். தோட்டத்தில் நாம் இருந்த டிவிஷனை மூடி நம்மை வெளியே அனுப்பியபோது எல்லாரும் அழுதார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி. அந்தத் தாள்களை எலி தின்றிருக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தேன். என் மகளே தேடி எடுத்து, தூசு தட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றுவாள் என்று யார் கண்டது.

அன்றைக்கு நீ அந்த அறிக்கையில் இருந்த ஒரு படத்தில் விரலை வைத்து, "இந்த நீர்த்தேக்கத்துச் சுவரு எவ்வளவு ஒசரம் வேணும்ங்கிறத உங்க கணக்க வச்சுத்தான் முடிவு பண்ணோம்பா" என்றாய். படிக்காதவன்தான், ஆனாலும் அது எனக்கு விளங்கியது. வறட்சியில் கொஞ்சம் மழை வரும் என்று நம்பி, அதற்கேற்ற அளவு சுவரைத் தாழ்த்தியிருக்கிறீர்கள். நான் ஊற்றிய மூன்று கோடும் நாலு கோடும் அந்தச் சுவரைத் தாழ்த்தியிருக்கின்றன. நானும் இல்லாமல், நீயும் வேலையை விட்டு ஓய்ந்த ஒரு காலத்தில், அந்த ஊர்களில் ஜனங்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். யாராவது ஒருவர் தாளைப் பிடித்துக்கொண்டு வந்து, தண்ணீர் போதுமான அளவு இருந்தது, நீங்கள்தான் கொட்டிவிட்டீர்கள் என்பார். அந்தத் தாளில் உன் கையெழுத்து இருக்கும். களத்தில் ஒரு தடவை நின்ற எனக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன், குறித்துக்கொள். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம்வரை டின்னில் இருந்ததைத்தான் கொண்டுபோனேன், அதெல்லாம் சுத்தம். அதற்குப் பிறகும் மழைக்காலத்து மாதங்களில் நான் கை வைக்கவில்லை, வைக்க அவசியம் இல்லை. நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மாவுக்காக ஊற்றிய அந்த ஐந்தாறு நாளைத் தவிர்த்தால், கெட்டது தை, மாசி, பங்குனி மட்டும்தான். இன்னொன்று சொல்கிறேன், இதை உன் கம்ப்யூட்டரே பிடித்துவிடும். உண்மையான மழை கோட்டின்மேல் சரியாக வந்து நிற்பது அபூர்வம். இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் நிற்கும், கிராணி அரை என்றோ கால் என்றோ எழுதுவார். நான் ஊற்றும்போது எண்ணுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கோட்டின்மேல் சரியாக நிறுத்துவேன். வறட்சி மாதத்தில் அரையும் காலும் இல்லாமல் கச்சிதமாக நிற்கிற மூன்றும் நாலும் பெரும்பாலும் என்னுடையவை. பாய் சிரிக்கிறார், "அண்ணே, போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்குற மாதிரியே இருக்குலா" என்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்னைக் காப்பாற்றுவதற்காக, அந்தக் காலத்துக் கருவி பழுது என்று எழுதிவிடாதே. உனக்கு அந்த எண்ணம் வரும், எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் உடைத்த தட்டைக்கூட நீதான் உடைத்ததாக அம்மாவிடம் சொன்னவள் நீ. கருவி நன்றாகத்தான் இருந்தது, ஆள்தான் பழுது. ஆபீசில் எல்லாரிடமும், "எங்கப்பா பாத்த கணக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறாய். அதே வாயால், எங்கப்பா பொய் சொன்னார் என்று அதே ஆட்கள் முன்னால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. களத்தில் எனக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது, அதில் நான் தவறினேன். உனக்குத் திங்கட்கிழமைவரை இருக்கிறது. வேலை தள்ளிப்போகும், பெரியவர் முகம் சுளிப்பார், சிலர் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும். பேசவேண்டியவனைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நீ தனியாகப் போய் நிற்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் காதர் பாயும் நானும் முதல் பஸ் பிடித்து, ஃபெரியில் அக்கரைக்கு வந்து, உன் ஆபீஸ் வாசலில் இருப்போம். உன் பெரியவரிடம் நானே சொல்கிறேன், எனக்கு மலாய் நன்றாக வரும். பிறகு என்னை உட்காரவைத்து ஒவ்வொரு வருஷமாகக் கேளுங்கள். எந்தத் திருவிழாவுக்கு முன்னால் தூறியது, எந்த மாதம் நாற்று கருகியது, எந்தக் காலையில் போத்தலைத் திறந்தேன், எனக்கு நினைவிருப்பதையெல்லாம் சொல்கிறேன். எனக்கு நல்ல நினைவு என்று நீ பெருமையாகச் சொல்வாய். எல்லா நாளும் நினைவில் இருக்காது, அம்மா. நினைவில்லாத நாளுக்கு நினைவில்லை என்றே சொல்வேன். நான் திணறுவதைப் பார்த்து உனக்கு மனசு கஷ்டப்படும். இவ்வளவு இருக்கலாம்ப்பா, அவ்வளவு இருக்கலாம்ப்பா என்று எடுத்துக் கொடுக்காதே. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடு.